காளான் எதைத் தின்று வாழ்கிறது? ஐசோடோப் கேள்வி பதில்

கே: ஐசோடோப் என்றால் கதிர்வீச்சு இருக்குமே, அந்தக் காளானைத் தொடலாமா?

ப: தாராளமாக. ஐசோடோப் என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுதான். காளானில் நாங்கள் அளப்பவை நிலையான ஐசோடோப்புகள், சிதையாது. உங்கள் உடம்பில் இருக்கும் கார்பனிலேயே சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13தான்.

கே: ஒரு காளான் மரத்தோடு கூட்டு வைத்ததா, மட்கைத் தின்பதா என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ப: நல்ல கேள்வி. காளானை உலர்த்தி, மாவாக அரைத்து, மிளகு அளவு வெள்ளீயக் குப்பியில் சில மில்லிகிராம் மடித்து, எரித்து, வரும் வாயுவை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்தளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்போம். வேரோடு கூட்டு வாழும் மைக்கோரைசா பூஞ்சை, நைட்ரஜனை மரத்துக்குக் கொடுக்கும்போது லேசான நைட்ரஜன்-14ஐ அதிகம் தள்ளிவிடுகிறது. கனமான நைட்ரஜன்-15 அதனிடமே தங்குகிறது. மரக்கட்டையைத் தின்னும் பூஞ்சையில் கார்பன்-13 கூடும், ஏனென்றால் செல்லுலோஸில் அது இலையைவிட அதிகம். இரண்டு எண்களையும் வரைபடத்தில் போட்டால் இரு கூட்டமாகப் பிரியும், ஓரங்களில் கொஞ்சம் கலந்தும் இருக்கும். ஆனால் அதே இடத்து இலை, சருகு, கட்டை மாதிரி இல்லாமல் வெறும் காளான் எண்ணை நீட்டாதீர்கள். காட்டுக்குக் காடு அடிப்படையே மாறும்.

கே: குடையா, தண்டா?

ப: குடை. புரதம் அதிகம் என்பதால் நைட்ரஜன்-15ம் கூடுதலாக இருக்கும். எதை எடுத்தாலும் எல்லா மாதிரியிலும் அதையே எடுங்கள்.

கே: வீட்டுத் தோட்டத்தில் முளைத்த வெள்ளைக் காளானைச் சாப்பிடலாமா?

ப: ஐசோடோப் நஞ்சைக் காட்டாது. சாப்பிடாதீர்கள்.

கே: மரங்கள் பூஞ்சை வழியே ஒன்றுக்கொன்று ஊட்டுவதை ஐசோடோப் நிரூபித்துவிட்டதே?

ப: பொறுங்கள். 1997இல் காட்டுச் சூழலியலாளர் சுசான் சிமார்டு குழு கனடாவில் பிர்ச், டக்ளஸ் ஃபிர் நாற்றுகளில் ஒன்றுக்குக் கார்பன்-13, மற்றதற்குக் கார்பன்-14 கொடுத்தது. கார்பன் கைமாறியது உண்மை. ஆனால் பக்கத்தில் வைத்த சிடார் நாற்று வேறு வகைப் பூஞ்சையோடு வாழ்வது, அந்த இரண்டோடும் பூஞ்சை வழியே இணையாதது. அதிலும் கொஞ்சம் சேர்ந்திருந்தது! அப்படியானால் மண் வழியாகவும் போகலாம் அல்லவா?

கே: (அதே நண்பர்) 2016 சுவிட்சர்லாந்து ஆய்வு?

ப: அது அழகான வேலை. 40 மீட்டர் உயர ஸ்ப்ரூஸ் மரங்களின் உச்சிக்கு கிரேன் உதவியோடு குழாய் கட்டி, கார்பன்-13 குறைவான வாயுவை விட்டார்கள். அந்த அடையாளம் பக்கத்து மரங்களின் நுண்வேர்களிலும் மைக்கோரைசா காளான்களிலும் தென்பட்டது. மட்குண்ணிக் காளான்களில் இல்லை. இவ்வளவும் சரி. ஆனால் கார்பன் போன பாதையை அந்த எண் நேரடியாகக் காட்டவில்லை. 'தாய்மரம் பிள்ளைக்கு ஊட்டுகிறது' என்பது அதற்கு மேல் ஏற்றிய கதை. 2023இல் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹோக்செமா என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைத்தான் விரிவாக எழுதினார்கள்.

கே: மொட்டுக் காளான்...

ப: சாப்பிடுவதைப் பற்றி மேலேயே சொல்லியாகிவிட்டது.

கே: கொடைக்கானல் பைன் தோப்புக் காளானில் செய்து பார்க்கலாமா?

ப: செய்யலாம். பைனுக்குக் கூட்டுப் பூஞ்சை உண்டு. அங்குள்ள இயற்கையான சோலைக்காட்டுக்குள் போனால் பெரும்பாலான மரங்களின் கூட்டுப் பூஞ்சை குடைக்காளானே விடாது, அதனால் அங்கே பொறுக்குவதில் பெரும்பகுதி மட்குண்ணியாகவே இருக்கும். பைன் ஊசி, சருகு, விழுந்த கட்டை மூன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு அன்றே உலர்த்துங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம்.