‘தாத்தா தூங்குறாரு’

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் நாயக். ஜம்மு பக்கம் எல்லையில் இருக்கிறார். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் சண்டை நடந்த நான்கு நாளும் போன் இல்லை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தோம். அதற்கப்புறம் தினமும் பேசினவர், ஆடியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுகிறார். அதுவும் வேறு வேறு நம்பரிலிருந்து. “நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா” என்பார், மூன்று நிமிஷத்தில் வைத்துவிடுவார். எதையோ மறைக்கிறார். நானோ இங்கே தனியாக அல்லாடுகிறேன். ஆடி மாதம் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். என் நகையை அடகு வைத்துத்தான் பணம் கட்டினேன். “அவன்கிட்ட சொல்லாதே, மனசு கலங்கிடும்” என்று மாமியார் சொன்னதால் இதுவரை சொல்லவில்லை. ஆறு வயது மகள் கெட்டிக்காரி. அப்பா கேட்டால் “தாத்தா தூங்குறாரு” என்று சரியாகச் சொல்லிவிடுகிறாள். அவரை மனம்விட்டுப் பேசவைக்க என்ன வழி?
– வாசகி, கணியம்பாடி

பதில்: நம்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே சிம் வாங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் போனைக் கடன் வாங்கிப் பேசுகிற பையன்கள் எத்தனையோ பேர். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மகள் கெட்டிக்காரி என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அந்த வரியை எழுதும்போது உங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். போன் குறைந்தது ஆடியில். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்ததும் ஆடியில். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து வரிதான் இருக்கிறது, கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். அவர் காலையில் கூப்பிட்டாலும் தாத்தா தூங்குகிறார், சாயங்காலம் கூப்பிட்டாலும் தூங்குகிறார். இருட்டில் சருகு அசைந்தால் ஆளா நாயா என்று கண்டுபிடிக்கப் பழகின மனுஷர். பெற்ற மகளின் குரல் ஒப்பிப்பது அவருக்குத் தெரியாதா? உங்கள் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது, தன்னிடம் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்கு எப்போதோ புரிந்திருக்கும். அப்புறம் எதற்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசுவார்?

1971 போர் சமயத்தில் எனக்குப் பத்து வயது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். வீட்டில் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். நீல இன்லண்டு லெட்டரில் சித்தப்பா பேர், நம்பர், யூனிட், கீழே ராணுவத் தபால் நிலையமான ‘56 ஏ.பி.ஓ.’ என்று எழுதினால் போதும், அவர் எந்த மலையில் இருந்தாலும் போய்ச் சேரும். அந்தக் கார்த்திகையில் பாட்டி இறந்துபோனார். “எழுதாதே, பிள்ளை சண்டையில இருக்கான்” என்றார்கள் பெரியவர்கள். ‘பாட்டி நலம், உங்களை விசாரித்தார்’ என்று என் கையால் எழுதினேன். ஒரு தடவை இல்லை, நான்கு கடிதம்.

பங்குனியில் லீவில் வந்தார். இரும்பு டிரங்குப் பெட்டியைத் திண்ணையில் இறக்கினார். பாட்டிக்கு வாங்கின மூக்குப்பொடி டப்பா சட்டைப் பையில் துருத்திக்கொண்டு இருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யார் என்றுகூட அவர் கேட்கவில்லை. “எத்தனை நாளாச்சு?” என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அவர் ரிட்டயர் ஆகும்வரை நான் எழுதின ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிலில் ஒரு வார்த்தை தவறாமல் இருக்கும்: “நிஜமா?”

உங்கள் மகளை அந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள், அம்மா.

மே 7 முதல் 10 வரை நீங்கள் எதையும் சொல்லாமல் இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இப்போது புரட்டாசி. இன்னும் சொல்லாததற்குப் பெயர் தைரியம் இல்லை. பெற்ற அப்பாவின் நோய் மகனுக்குச் சொந்தம். அதை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள உங்களுக்கும் உரிமை இல்லை, உங்கள் மாமியாருக்கும் இல்லை. அந்தக் காலத்தில் லீவுக்காக ‘அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு’ என்று தந்தி பறக்கும். அப்பா திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். 2013 ஜூலையில் தந்தியும் நின்றுபோனது. உங்கள் வீட்டில் நிஜமாகவே நெஞ்சுவலி வந்தது, ஒரு தகவல் போகவில்லை!

நகைக்கும் இதே கதைதான். சார்ந்திருக்கும் பெற்றோர் என்று யூனிட் ஆவணத்தில் பெயர் ஏறியிருந்தால் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சைக்கு வழி உண்டு. உங்கள் மாமனார் பெயர் ஏறியிருக்கிறதா, வருமான வரம்புக்குள் வருகிறாரா என்பது யாருக்குத் தெரியும்? யாரிடம் மறைத்தீர்களோ, அவருக்குத்தான். மருத்துவமனை பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பணியில் இருப்பவர்களின் குடும்பமும் அங்கே போய்க் கேட்கலாம்.

அடுத்த தடவை போன் வந்ததும் “டியூட்டி முடிஞ்சாச்சா?” என்று மட்டும் கேளுங்கள். எங்கே இருக்கிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள் என்றெல்லாம் வேண்டாம். இல்லை, இனிமேல்தான் டியூட்டி என்றால், “முடிஞ்சதும் கூப்பிடுங்க, காத்திருக்கேன்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். முடிந்தது என்றால் சுற்றி வளைக்காமல் ஆரம்பியுங்கள்: “ஆடி மாசம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சு. ஸ்டென்ட் வெச்சாங்க. இப்ப வீட்டுல இருக்காரு. உங்ககிட்ட மறைச்சது என் தப்பு.” மாமியார் பேரை இழுக்காதீர்கள். பிறகு போனை மாமனார் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மகள் பக்கத்திலேயே இருக்கட்டும். தாத்தா தூங்கவில்லை என்று அவளும் கேட்கட்டும்.

கோபப்படுவார். கத்தட்டும். மூன்று நிமிஷத்தைத் தாண்டும்.

அவரும் மறைக்கிறாரே என்று நியாயம் கேட்பீர்கள். மறைக்கத்தான் செய்வார். எங்கே நிற்கிறார், என்ன பார்த்தார் என்பதில் பாதியை அவர் சொல்லவே கூடாது, மீதியை அவரால் சொல்ல முடியாது. அதைத் தோண்டாதீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பதற்கு அப்படி எந்த ரகசியக் காப்பும் கிடையாது.

மாமியார் தடுத்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். எனக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான் இருக்கும். திட்டுவதென்றால் என்னைத் திட்டட்டும்.