கார் சீட்டில் இடுப்புக்கு முட்டுக் கொடுப்பது எப்படி?

கேள்வி: பழைய வேகன்ஆர் வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை சென்னையிலிருந்து மதுரைக்கு நானே ஓட்டிப் போகிறேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சீட்டுக்குள்ளேயே லம்பர் சப்போர்ட் (கீழ்முதுகைத் தாங்கும் முட்டு) வைக்க முடியுமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். உங்கள் காருக்கு நான் சொல்வது, கையால் காற்றடிக்கும் பை. பிபி பார்க்கும் கருவியில் இருப்பது போல ஒரு ரப்பர் பல்பு, காற்றை இறக்க ஒரு வால்வு, மெல்லிய குழாய், தட்டையான பை, அவ்வளவுதான். வயரிங் வேலையே கிடையாது.

சாய்மானத்தின் கவரைக் கழற்றி, ஃபோமுக்கும் அதன் பின்னால் இருக்கும் கம்பி வலைக்கும் நடுவில் பையைச் செருக வேண்டும். சிலர் அவசரத்தில் துணிக்கு அடியிலேயே, ஃபோமுக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் பையின் விளிம்பு முதுகில் உறுத்திக்கொண்டே இருக்கும். கம்பி வலை தளர்ந்திருந்தால் இன்னொரு சிக்கல்: எவ்வளவு காற்றடித்தாலும் பை பின்பக்கமாக உப்புமே தவிர, முதுகுக்கு ஒன்றும் தெரியாது. பைக்குப் பின்னால் கெட்டியான ஃபெல்ட் (கம்பளம் போன்ற தடித்த துணி) துண்டு ஒன்று வைக்கச் சொல்லி, சீட் வேலை செய்யும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

உயரம்தான் முக்கியம். பையின் நடுப்பகுதி, பேண்ட்டில் பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் அவரையும் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். பையை ஒட்டாமல் வெல்க்ரோவில் நிறுத்தினால் பிறகு ஏற்றி இறக்கலாம்.

கேள்வி: புது கார். சீட்டின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்னப் பட்டை தைத்திருக்கிறது. இதிலும் செய்யலாமா?

பதில்: வேண்டாம், அந்தச் சீட்டைப் பிரிக்கவே விடாதீர்கள். அந்த ஏர்பேக் கதவுப் பக்க விளிம்பின் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். சீட்டைச் சுற்றிக் கட்டும் குஷனின் பட்டைகூட அதைத் தடுக்கலாம். ஹெட்ரெஸ்ட் கம்பியில் தொங்கவிடும் குஷன் போதும்.

கேள்வி: சும்மா ஒரு தலையணை வைத்தால் ஆகாதா?

பதில்: கனமான தலையணை உடம்பை ஸ்டியரிங் பக்கம் தள்ளிவிடும். மார்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். தலையும் ஹெட்ரெஸ்ட்டிலிருந்து விலகிப்போகும். பின்னாலிருந்து வண்டி மோதினால் கழுத்துக்கு ஆபத்து. ஆனால் பணம் செலவழிக்கும் முன், ஒரு துண்டை மூன்று நான்கு செ.மீ. கனத்துக்குச் சுருட்டி வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எந்த உயரம் ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: டாக்சி ஓட்டுகிறேன், தினம் 12 மணி நேரம். காற்றுப் பை போட்டும் வலி குறையவில்லை, அண்ணே.

பதில்: தம்பி, முதலில் உட்காரும் குஷனை அமுக்கிப் பாருங்கள். டாக்சியில் பெரும்பாலும் அதுதான் குழி விழுந்திருக்கும். இடுப்பு எலும்பு அந்தக் குழிக்குள் பின்னோக்கிச் சரிந்தால் முதுகு கூன்போட்டுவிடும், மேலே எந்தப் பை வைத்தும் பயனில்லை. அடி ஃபோமை மாற்றுங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து ஓட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். வலி தொடை வழியாகப் பாதம் வரை இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, நாள் கடத்தாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சீட் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.