எச்.பி-25 கால்குலேட்டர் அடாப்டரில் போட்டாலும் எரியவில்லை, என்ன செய்வது?

ஏற்காட்டில் அப்பாவின் பெட்டியில் கிடைத்தது, பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1975-இல் வந்த இந்த மாடலில், அடாப்டரின் மின்னழுத்தத்தை அடக்கி வைப்பதே உள்ளே இருக்கும் இரண்டு நிக்கல்-காட்மியம் (ரீசார்ஜ் செய்யும்) செல்கள்தான். செல் இல்லாமலோ, செத்த செல்லோடோ செருகினால் சிப்புகளே போய்விடலாம். அவை இனி புதிதாக வராது.

அடாப்டரைத் தனியாகச் சோதியுங்கள். அது தருவது ஏ.சி. (மாறுமின்சாரம்); மல்டிமீட்டரை டி.சி.யில் (நேர்மின்சாரம்) வைத்தால் பூஜ்யம்தான் காட்டும், நல்ல அடாப்டரைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். 110 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது. ஏ.சி.யிலும் ஒன்றும் வரவில்லையென்றால், சுவரிலிருந்து கழற்றிவிட்டு மீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். சுவரில் செருகும் இரண்டு பின்களுக்கு இடையே தொடர்பே இல்லையென்றால், அடாப்டருக்குள் சுவர் மின்சாரம் பாயும் பிரைமரி சுருள் அறுந்திருக்கிறது. அது சரியாக இருந்தால், கால்குலேட்டருக்குப் போகும் ஒயர் பிளக்கோடு சேரும் மடிப்பில் பெரும்பாலும் உள்ளே அறுந்திருக்கும். வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தால் போதும்.

ஆனாலும் என் யோசனை, அடாப்டரை மறந்துவிடுங்கள். சேலம் டவுனில் இரண்டு ஏ.ஏ. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்கி, வெளிச் சார்ஜரில் ஏற்றிப் போடுங்கள். மலை ஈரத்தில் செல் தொடும் தகடுகள் பச்சை பூத்திருக்கும். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள்.