தரையை விட்டதும் ஹெலிகாப்டர் ஏன் திரும்புகிறது?

கேள்வி: சிமுலேட்டரில் விமானம் ஓட்டிப் பழகியவன் நான். ஹெலிகாப்டரில் மட்டும், தரையை விட்டு எழும்பியதுமே மூக்கு வலது பக்கம் திரும்புகிறது. அப்படியே வலது பக்கம் நகரவும் செய்கிறது. சரிசெய்யப் போனால் ஊஞ்சல் மாதிரி ஆடி விழுந்துவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: முதலில், உங்கள் சிமுலேட்டர் சரியாகத்தான் இருக்கிறது. நிஜ ஹெலிகாப்டரும் இதைத்தான் செய்யும்.

இடது கையில் இருக்கும் நெம்புகோல்தான் கலெக்டிவ். அதைத் தூக்கினால், தலைக்கு மேல் சுழலும் ரோட்டரின் எல்லா இறக்கைகளின் சாய்கோணமும் ஒன்றாகக் கூடி, தூக்குவிசை ஏறுகிறது. கூடவே காற்றின் தடையும் ஏறுவதால் என்ஜின் இன்னும் பலமாகச் சுழற்றியாக வேண்டும். மேலிருந்து பார்த்தால் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும் வகை உங்களுடையது. அதன் எதிர்விசையில் உடல் வலஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். மூக்கு வலது பக்கம் போவது இதனால்தான். ஆகவே கலெக்டிவ் மேலே போகும்போதே இடது பெடலும் உள்ளே போக வேண்டும். திரும்பிய பிறகு மிதிப்பது தாமதம்.

அப்புறம் அந்த நகர்வு. நீங்கள் இடது பெடலை மிதிக்கும்போது, மூக்கைப் பிடித்து நிறுத்த வாலில் உள்ள சிறு ரோட்டர் வாலை வலது பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் மொத்த ஹெலிகாப்டரும் வலது பக்கம் வழுக்குகிறது. வலது கையில் உள்ள குச்சியான சைக்ளிக்கைத் துளி இடது பக்கம் வைத்தால் நின்றுவிடும். பல ஹெலிகாப்டர்கள் அந்தரத்தில் நிற்கும்போது இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சைக்ளிக் வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது. ரோட்டருக்குக் கீழே ஸ்வாஷ்பிளேட் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள். கீழ்த்தட்டு சுழலாது, மேல்தட்டு இறக்கைகளோடு சுழலும். கலெக்டிவ் இந்த ஜோடியை அப்படியே ஏற்றி இறக்கும், சைக்ளிக் சாய்க்கும். சாய்ந்த தட்டின் மேல் சுற்றிவரும் ஒவ்வொரு இறக்கையும் ஒரு பக்கம் கோணம் குறைந்து, எதிர்ப்பக்கம் கூடி வருகிறது. ஆனால் கோணம் மாறிய இடத்திலேயே இறக்கை தாழ்ந்துவிடாது. ஏறத்தாழ கால் சுற்று தள்ளித்தான் தாழும். முன்னே போக வேண்டுமானால் வலது பக்கத்தில் கோணத்தைக் குறைக்க வேண்டும். அந்த இறக்கை மூக்குக்கு நேராக வரும்போது தாழ்கிறது. இந்தக் கணக்கை இணைப்புத் தண்டுகளே பார்த்துக்கொள்ளும். நீங்கள் குச்சியை முன்னே தள்ளினால் போதும்.

ஆட்டத்துக்குக் காரணம் அவசரம். சைக்ளிக்கை அசைத்ததும் ரோட்டர் சாய்ந்துவிடும். உடல் அதைப் பின்தொடரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் பலன் இல்லையென்று நீங்கள் இன்னும் தள்ளுகிறீர்கள், அப்புறம் பதறி எதிர்ப்பக்கம் இழுக்கிறீர்கள். முன்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு, விரல்களால் மட்டும் லேசாக அழுத்துங்கள். உடனே பாதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். பார்வை மூக்கின் அடியில் வேண்டாம், தொலைவில் இருக்கட்டும். முதல் சில நாள் சிமுலேட்டரின் உதவி வசதியை வைத்துக்கொண்டு பெடலை மட்டும் பழகுங்கள். சைக்ளிக் பிறகு.

ரஷ்ய, பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள் பலவற்றில் ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றும். அவற்றுக்கு மாறினால் மிதிக்க வேண்டியது வலது பெடல்.