ஏழாம் வகுப்பு மகனுக்கு வாசிப்பு எந்த இடத்தில் நிற்கிறது?

கேள்வி: டீச்சர், எங்கள் வீடு குலசேகரம் பக்கம். நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். அவன் அப்பா சவூதியில் இருக்கிறார். மகன் அரசுப் பள்ளியில் இந்த ஆண்டு (2025-26) ஏழாம் வகுப்பு. கேள்வி பதிலை மனப்பாடம் செய்து மார்க் வாங்கி வந்துவிடுவான். போன வாரம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசி என்றேன். நாலு வரி தாண்டவில்லை. பாதிச் சொல்லை ஊகித்துச் சொன்னான், அப்புறம் அழுதுவிட்டான். மூன்றாவது படிக்கும் தங்கை அவனைவிட நன்றாக வாசிக்கிறாள். மறுபடி ஆறாம் வகுப்பில் உட்கார வைக்கட்டுமா? டியூஷனை மாற்றட்டுமா? இனிமேல் வாசிப்பு வருமா?
- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வரும். பன்னிரண்டு வயது வாசிக்கக் கற்பதற்குக் கடந்துபோன வயது அல்ல. ஆனால் ஆறாம் வகுப்பில் மறுபடி உட்கார வைக்க வேண்டாம். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக, ஆறாம் வகுப்புப் பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் அதில் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித்தர மாட்டார்கள். அவன் விட்ட பாடம் அங்கே இல்லை.

எங்கே விட்டான் என்று வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முடியும் நேரத்தில், 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதற்குள் அவன் மூன்றாம் வகுப்பின் பாதிக்கு வந்துவிட்டான். உயிர்மெய் எழுத்துகள் கையில் படிந்து, சொல் சொல்லாக வாசிப்பு ஓடத் தொடங்க வேண்டிய காலம் முழுக்க வீட்டில் கழிந்தது. 2022-ல், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியபோது அவன் நாலாம் வகுப்பில் இருந்தான். தங்கை நன்றாக வாசிப்பதற்கும் இவன் தடுமாறுவதற்கும் புத்திதான் காரணம் என்று அவனும் நினைக்க வேண்டாம், நீங்களும் நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கை அவனிடமே உட்கார்ந்து சொல்லுங்கள். 'நமக்கு மண்டையில் ஏறாது' என்று நம்பிவிட்ட பிள்ளையிடம் எந்தப் பயிற்சியும் செல்லாது.

இனி, அவன் வாசிப்பு சரியாக எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் 'தினமும் வாசி, வாசி' என்று சொல்வதால்தான் பிள்ளைகள் அழுகிறார்கள். 2005 முதல் நாட்டில் நடந்துவரும் அசர் கணக்கெடுப்பில், வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை, அவ்வளவுதான். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அதே தாள்தான். அந்த முறையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். எட்டாம் வகுப்புப் படிப்பு இதற்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையான தமிழ்ப் புத்தகங்களை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். தங்கை வீட்டில் இல்லாத நேரம் பாருங்கள். இது ரொம்ப முக்கியம். அவள் முன்னால் ஒருபோதும் அவனை வாசிக்கச் சொல்லாதீர்கள். "மக்களே, இது பரீட்சை இல்ல. எந்தப் புத்தகம் உனக்கு லேசா வருதுன்னு பாப்போம்" என்று சொல்லி, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அவன் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். சுமார் நூறு சொற்கள் இருந்தால் போதும். வாசிக்கும்போது திருத்தாதீர்கள். தவறிய சொல்லையும், அதற்குப் பதிலாக அவன் என்ன சொன்னான் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நூறு சொல்லில் ஐந்துக்குள் தவறு என்றால் அந்தப் புத்தகத்தை வைத்துப் பழக்கலாம். பத்துக்கு மேல் போனால் அது இப்போதைக்கு அவனுக்குக் கடினம். ஒரு வகுப்பு இறங்குங்கள். எளிதாகப் போனால் ஒரு வகுப்பு ஏறுங்கள். ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இங்கிலீஷுக்குப் போட்ட கணக்கை யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, அந்த எண் இங்கே பொருந்தாது.

அந்தத் தாளில் குறித்த தவறுகள்தான் உங்களுக்குப் பொக்கிஷம். 'கடற்கரை' என்பதை 'கடைக்காரர்' என்று வாசித்தால், முதலெழுத்தை மட்டும் பார்த்து மிச்சத்தை ஊகிக்கிறான். 'கொக்கு' என்பதில் திணறினால், எழுத்துக்கு முன்னும் பின்னுமாக வரும் குறி அவனைக் குழப்புகிறது. கு, சு, து, மு என்று உகரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு வடிவம் எடுக்கும். கூ, சூ, தூ இன்னும் மோசம். என் அனுபவத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். எழுத்துகளை வரிசையாகக் கேட்டால் பாட்டு மாதிரி ஒப்பித்துவிடுவான், அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. சீட்டுகளில் எழுதிக் கலைத்துப்போட்டுக் கேளுங்கள். கூடவே மெகுடி, தொழுபை, சூனேறு என்று பொருளே இல்லாத சில சொற்களை எழுதிக் கொடுங்கள். இவற்றை ஊகிக்க முடியாது. எழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. அதே தரத்தில் வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, "என்ன நடந்தது, சொல்லு" என்று கேளுங்கள். நீங்கள் வாசித்தால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கேட்டும் புரியவில்லை என்றால் சொற்களும் வாக்கியமும் அவனுக்குப் புதிது. அப்போது எழுத்துப் பயிற்சி மட்டும் போதாது, கதை கேட்பதும் பேசுவதும் நிறைய வேண்டும். எழுத்தைச் சொல்லாக்குவது, கேட்ட மொழியைப் புரிந்துகொள்வது, இரண்டும் சேர்ந்தால்தான் வாசிப்பு என்று 1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். கதையை அவன் நம் குலசேகரம் பேச்சிலேயே பறையட்டும், அதைப் புத்தகத் தமிழாகத் திருத்தாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது புரிந்ததா என்பதை மட்டும்தான்.

பயிற்சிக்குத் தினமும் இருபது நிமிடம் போதும். விடியுமுன்னே எழுந்து பால்வெட்டப் போகிறவர் நீங்கள். ராத்திரி கண் சொருகும்போது வேண்டாம், அவன் பள்ளியிலிருந்து வந்து ஏதாவது சாப்பிட்டபின் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிடத் தினசரி இருபது நிமிடம் பலன் தரும்.

முதலில் நேற்று வாசித்த பத்தியை இன்னொரு முறை வாசிக்கட்டும். ஒரே பத்தியை மூன்று நான்கு நாள் வாசிப்பது வீண் அல்ல. தடுக்காமல் வாசிப்பது எப்படி இருக்கும் என்பதை அவன் நாக்கும் காதும் உணர்வது அப்போதுதான். பிறகு அவன் தவறிய எழுத்துகளில் ஒரு குடும்பத்தை (கு, சு, து போல) மட்டும் எடுத்து, அது வரும் பத்துச் சொற்களை எழுதி வாசிக்க வையுங்கள். நீளச் சொற்களைப் பென்சிலால் வெட்டிக் கொடுங்கள்: விளை/யாடிக்/கொண்/டிருந்/தார்கள். துண்டு துண்டாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்லட்டும். சில வாரத்தில் கண்ணாலேயே வெட்டப் பழகிவிடுவான். அதற்கப்புறம் புதிய பத்தி: நீங்கள் விரலை ஓட்டிக்கொண்டு முதலில் வாசியுங்கள், அடுத்து இருவரும் சேர்ந்து, கடைசியில் அவன் மட்டும். சொல்லில் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

எதை வாசிப்பது என்பதில்தான் பெரிய பிள்ளைகளைத் தோற்கடிக்கிறோம். ஏழாம் வகுப்புப் பையனிடம் அணில், ஆடு படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக இருக்கும். அளந்து பார்ப்பதற்கு மட்டும் சின்ன வகுப்புப் புத்தகம். பழகுவதற்கு அவன் உலகத்தை எடுங்கள். அவனுக்குத் தெரிந்த ஒரு வேலையைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். கத்தி தீட்டுவது, மரத்தில் சிரட்டை கட்டுவது, ஒட்டுப்பால் பறிப்பது, மழை நாளில் வேலை நிற்பது என்று எட்டுப் பத்து வரி. அவன் வாயில் வந்த வாக்கியம் என்பதால் பொருள் ஏற்கெனவே தெரியும். எழுத்தோடு மட்டும் போராடினால் போதும். பேருந்துப் பலகைகளில் பேச்சிப்பாறை, திற்பரப்பு, மார்த்தாண்டம், தக்கலை, எல்லாம் வாசிப்புதான். பத்திரிகையில் கால்பந்துச் செய்தியின் தலைப்பும் முதல் இரண்டு வரியும் போதும். ஊரில் கிளை நூலகம் இருந்தால் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள், அவனே புத்தகம் எடுக்கட்டும்.

அவன் அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்புவதற்குப் பதிலாக, மகனுக்குத் தமிழில் மூன்று வரி தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். "இன்று இங்கே மணல் காற்று அடித்தது. நான் மீன் குழம்பு வைத்தேன். நீ என்ன விளையாடினாய்?" அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவன் எவ்வளவு கஷ்டப்பட்டும் வாசிப்பான். அதை நீங்கள் வாசித்துச் சொல்லிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை அவன் வாசிப்பதைப் போனில் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்புங்கள். முதல் மாதப் பதிவை அழிக்க வேண்டாம். மூன்றாம் மாதம் இரண்டையும் அவனே கேட்கட்டும்.

இதற்கிடையே கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தமிழாசிரியரைத் தனியாகச் சந்தித்து, நீங்கள் குறித்த தாளைக் காட்டுங்கள். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறன்களில் பின்தங்கியவர்களுக்காக இந்த ஆண்டு 'திறன்' என்ற திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் மகன் அதில் இருக்கிறானா என்று கேளுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், முந்தின நாளே பத்தியைச் சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியர் எவரும் இதற்கு மறுக்க மாட்டார்.

மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தும் அசைவே இல்லை, நேற்று தெரிந்த எழுத்து இன்று மறக்கிறது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே சிரமம் இருந்திருக்கிறது என்றால் டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு அல்ல. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் இருக்கிறது. திருவட்டாறு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களைக் கேட்டால் பரிசோதனைக்கு வழி காட்டுவார்கள். சான்று கிடைத்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. ஊர் என்ன சொல்லுமோ என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே அவனுக்குக் கேள்வி பதிலை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கிறார்கள் என்றால், வாசிக்கத் தெரியாததை இத்தனை நாள் மறைத்து வைத்ததே அதுதான். டியூஷன் டீச்சரிடம் போய், வாரத்தில் இரண்டு நாள் வீட்டுப்பாடம் வேண்டாம், இந்தப் பத்தியை மட்டும் அவனோடு வாசியுங்கள் என்று கேட்டுப்பாருங்கள். சரி என்றால் அங்கேயே போகட்டும். முடியாது என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, அந்த நேரத்தை வீட்டில் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.