பெரிய நிறுவனங்கள் 90 நாள் கடன் தருகின்றன, நாங்களும் தரலாமா?

கேள்வி: எங்களுடையது சிறிய நிறுவனம். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. எங்கள் ஆண்டு விற்பனையில் பாதிக்குச் சமம். சரக்கு அனுப்பி 90 நாள் கழித்து டாலரில் பணம் தருவார்களாம். பெரிய நிறுவனங்கள் இதற்கு ஒப்புக்கொள்கின்றன என்கிறார்கள். நாங்களும் ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இந்த நிபந்தனையில் வேண்டாம். நூறு வாடிக்கையாளர்கள் உள்ள நிறுவனத்துக்கு ஒருவர் கைவிரித்தால் லாபம் குறையும், அவ்வளவுதான். உங்களுக்குச் சம்பளம் போடவே பணம் இருக்காது.

முதலில் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது வங்கியின் பண உறுதிக் கடிதம்) கேளுங்கள். வாங்குபவரின் வங்கியே பணத்துக்குப் பொறுப்பேற்கும். ஆனால் எல்.சி. வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். 2007இல் நடைமுறைக்கு வந்த, எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600இன்படி வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, சரக்கை அல்ல. கப்பலில் ஏற்ற வேண்டிய கடைசித் தேதி ஒரு நாள் தாண்டினாலும், இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டாலும் பணம் மறுக்கப்படலாம். அதற்குள் சரக்கு அங்கே துறைமுகத்தில் கிடக்கும்; வாங்குபவர் சாவகாசமாக விலையைக் குறைக்கச் சொல்வார். உங்களால் நிறைவேற்ற முடியாத நிபந்தனைகளை உற்பத்தி தொடங்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

எல்.சி.க்கு மறுத்தால் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, மீதிக்கு ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுக்கலாம். பொதுவாக அதுவும் முழுத் தொகையை ஈடுகட்டாது. தரம் சரியில்லை என்று வாங்குபவர் தகராறு செய்தால், அது தீரும்வரை இழப்பீடும் நிற்கும்.

அப்புறம், நாணய மாற்று. இதில் அதிகம் அடிபடுவது நடுத்தர நிறுவனங்கள் என்பது என் கணிப்பு: தொகை பெரிது, அதைக் கவனிக்கத் தனி ஆள் கிடையாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மைய வங்கி, யூரோவுக்கு எதிராகத் தன் நாணயம் ஓர் அளவுக்கு மேல் உயராதபடி வைத்திருந்த வரம்பை முன்னறிவிப்பின்றி நீக்கியது. யூரோவில் பணம் வரவேண்டியிருந்த சுவிஸ் ஏற்றுமதியாளர்களுக்கு அந்தத் தொகையின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டால் மாற்று விகிதத்தை இன்றே உறுதி செய்துகொள்ளலாம். வாங்குபவர் பணம் தராவிட்டாலும் அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆகவே முழுத் தொகைக்கும் போடாதீர்கள்.

பெரிய நிறுவனங்களின் பயமே வேறு. பொருளாதாரத் தடைகளை மீறியதற்காக பிரான்சின் பி.என்.பி. பரிபா வங்கி 2014இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்ட அபராதம் ஏறத்தாழ 900 கோடி டாலர். தடைப் பட்டியலில் உங்கள் வாடிக்கையாளர் பெயர் இருக்கிறதா என்று நீங்களும் பார்த்துவிடுங்கள். சில நிமிட வேலைதான்.

சரி, அவருக்கு என்ன பதில் எழுதுவது? ஆர்டரை நான்காகப் பிரிக்கலாம் என்று எழுதுங்கள். முதல் தவணைக்கு எல்.சி., அதன் பணம் வந்த பிறகே இரண்டாவது.