பூத் காலத்திலிருந்து ரீசார்ஜ் வரை: டெலிபோன் கம்பெனி ஆஃபர்கள், கேள்வி பதில்

கீழக்கரையிலிருந்து: காக்கா, எஸ்.டி.டி. பூத் காலத்தில் வாப்பா துபாயிலிருக்கும்போது வரிசையில் நின்று பேசுவோம். அப்போது ஆஃபர் என்று எதுவும் கேள்விப்பட்டதில்லையே?

ஊருக்கே ஒரு கடை, அதுவும் அரசுக் கடைதான் என்றால் எவன் தம்பி தள்ளுபடி கொடுப்பான்? ராத்திரி எஸ்.டி.டி. கட்டணம் குறையும், அதுவும் அரசு அட்டவணைப்படி. உள்நாட்டு நெடுந்தூர அழைப்பில் 2000-இல் தனியாருக்கு வழி திறந்தார்கள், வெளிநாட்டு அழைப்புகளைக் கையாண்ட வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஏகபோகம் 2002 மார்ச்சோடு முடிந்தது, அதற்கப்புறம்தான் போட்டி சூடுபிடித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கம்பெனி பூத்துக்காரருக்குக் கமிஷனைக் கூட்டிக் கொடுத்தால் அவர் அந்தக் கம்பெனிக்கு மாறி போர்டையும் மாற்றிவிடுவார், பேசுகிறவருக்கு ஒரு பைசா குறையாது. சலுகை யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கணும்.

தொண்டி, ரீசார்ஜ் கடைக்காரர்: அண்ணே, இலவசம் இலவசம் என்று அடித்துவிடுகிறார்களே, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கேட்காதா?

கேட்கும், கொஞ்சம் மெதுவாக. 1999 கட்டண ஆணையின் கீழ் செல்போன் விலையை கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அமலாக்கிய 7 வேலை நாளுக்குள் டிராயிடம் தெரிவிக்கணும், பாரபட்சம் காட்டக்கூடாது, போட்டியாளரை ஒழிக்க அடிமாட்டு விலைக்கு விற்கக்கூடாது. அறிமுகச் சலுகைக்கு 90 நாள்தான் கெடு. இந்தக் கெடுவில்தான் ஓட்டை. ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கிய இலவசம் டிசம்பரில் வேறு பெயருக்கு மாறி 2017 மார்ச் 31 வரை ஓடியது, போட்டி கம்பெனிகள் கத்தியும் அது தனிச் சலுகை என்று டிராய் ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறமும் இன்னும் மூன்று மாதம் என்றபோதுதான், ஏப்ரலில், நிறுத்தச் சொன்னது. பெயரை மாற்றினால் கெடு புதிதாகத் தொடங்கும் என்றால் அது என்ன கெடு? கெடுவை ஆஃபருக்கு வைக்காமல் கம்பெனிக்கு வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பாம்பனிலிருந்து ஒரு அக்கா: மாதம் என்று சொல்லிவிட்டு 28 நாள்தானே தருகிறார்கள்?

ஆமாக்கா, வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 30 நாள் பிளான் ஒன்றாவது வைத்தே ஆகணும் என்று 2022-இல் விதி வந்துவிட்டது, கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள், கடைக்காரர் அவராக எடுத்துக்காட்ட மாட்டார்.

தங்கச்சிமடத்திலிருந்து: சொன்ன டேட்டா வரவில்லை, டிராய்க்கு எழுதலாமா?

தனி ஆள் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. முதலில் கம்பெனியின் புகார் எண்ணில் சொல்லி டாக்கெட் நம்பர் (புகாரைப் பதிந்ததற்கான எண்) வாங்குங்கள், தீரவில்லையா, அதே கம்பெனியின் மேல்முறையீட்டுக்குப் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கும் அங்கே செல்லும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ராமேஸ்வரத்திலிருந்து: தனுஷ்கோடியில் இலங்கை சிக்னல் பிடிக்கிறது, என் ஆஃபர் அங்கே செல்லுமா?

செல்லாது. ரோமிங்கை, அதாவது வேறு நெட்வொர்க்கில் போய்ச் சேரும் வசதியை, அணைத்துவிட்டுப் போங்கள்.